சோறு விட்ட விரதம்

காலை பத்து மணிக்குள் வீரம்மா மூன்றாவது முறையாக டாய்லெட் அட்டையைக் கேட்டு நின்றாள். வேலை மேசை வரிசைக்கு ஒரே அட்டை; அது கையில் இல்லாமல் யாரும் எழுந்து போக முடியாது.

"வீரா, அந்த அட்டைய நீயே கழுத்துல மாட்டிக்க லா," என்றாள் சூப்பர்வைசர் நல்லம்மாள். வரிசையே சிரித்தது. வீரம்மாவும் சிரித்துவிட்டு ஓடினாள்.

மலேசியாவில், சுங்கை வே மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, சில்லுகளில் மயிரைவிட மெல்லிய கம்பியை ஒட்டுவது அவள் வேலை. ஒரு வருடமாக, எதைத் தின்றாலும் வயிறு உப்பிக்கொண்டது. வெளிறிய கழிச்சல், வாளி வாளியாக ஊற்றினாலும் மிதந்தது. ஆனால் கை மெலிந்து, ரவிக்கைக் கையில் குத்திய ஊசி மாதத்துக்கு மாதம் உள்ளே நகர்ந்தது.

அவளைப் பயமுறுத்தியது கழிச்சலின் நாற்றம்தான். அது அவளுக்குத் தெரிந்த நாற்றம். ஜெஞ்சாரோம் எஸ்டேட்டில் அக்கா தனலெட்சுமி இருபத்தொன்பது வயதில் வயிறு ஊதி, கை குச்சியாகி, இப்படித்தான் செத்தாள். கடைசி மாதம் அக்காவைக் கழுவி விட்டவள் வீரம்மா. இப்போது அவளுக்கே முப்பது. அக்காவைப் போலவே தனக்கும் வந்திருக்கிறது என்பதைப் புருஷன் நாகையாவிடம்கூட அவள் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும்.

அதற்குப் பதிலாக முருகனிடம் வேண்டிக்கொண்டாள். தைப்பூசம் வரை நாற்பத்தெட்டு நாள் சோற்றைத் தொடமாட்டேன். காலையில் ரவை உப்புமா, மத்தியானம் ரொட்டி, ராத்திரி சப்பாத்தி. இருபதாம் நாள் வேலை மேசையிலேயே மயங்கி விழுந்தாள்.

"முருகன் என்னைய ஏத்துக்கலங்க," என்று மட்டும் நாகையாவிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரத்தமே இல்லை.

"என்னக்கா சாப்பிடுறீங்க?"

நாகையா முந்திக்கொண்டான். "ரொம்ப சுத்தங்க டாக்டர். சோறே தொடறதில்ல. மூணு வேளையும் கோதுமைதான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "முன்னாடி?"

"காலையில மைதா போட்ட ரொட்டி சானாய். வேலையில பிஸ்கட்டு," என்றான் நாகையா.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி?"

"இல்லீங்க," என்றான்.

"எங்கக்கா," என்றாள் வீரம்மா. நாகையா திரும்பிப் பார்த்தான். அவள் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தாள்.

"சில பேரு குடலுக்குக் கோதுமை ஆகாது," என்றார் டாக்டர். "உள்சுவரையே அரிச்சிடும். குடும்பத்துல ரத்த வழியா வர்றதும் உண்டு. நம்ம பக்கம் அபூர்வம், அதனால யாரும் நினைக்கிறதில்ல. இதுவான்னு இப்பவே சொல்ல முடியாது. குழாய் விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும். பத்து நாள்ல ஒரு தேதி போடறேன். அதுவரைக்கும் கோதுமைய நிறுத்தாதீங்க. நிறுத்தினா சோதனையில தெரியாம போயிடும். ரொம்ப முடியலன்னா உடனே இங்க வந்துடுங்க."

"இதுதான்னு ஆச்சுன்னா?" என்று வீரம்மா கேட்டாள்.

"கோதுமைய விட்டுட்டு, சோறு சாப்பிடுங்க."

பஸ்ஸில் அவள் அழுதாள். "நேர்த்திக்கடன் என்னாகும்?"

"சோதனை முடிஞ்சப்புறம் மரவள்ளிக்கிழங்கு தின்னு. அது சோறும் இல்ல, கோதுமையும் இல்ல. முருகன் கோவிச்சுக்கமாட்டாரு லா," என்றான் நாகையா.

அன்றிரவு சப்பாத்தி தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் பக்தியோடு பிய்த்தது; இப்போது கை போகவில்லை.

"ஆமா, அக்காவுக்குக் கடைசியில திங்க என்னா குடுத்த?" என்று நாகையா சாதாரணமாகத்தான் கேட்டான்.

வீரம்மா தட்டைப் பார்த்தாள். அக்கா சோறு கேட்டாள். 'வேணாம்கா, செரிக்காது' என்று சொல்லி, கிள்ளான் டவுனிலிருந்து ரொட்டி வாங்கிப்போய், பாலில் ஊறவைத்து, வேளாவேளைக்கு ஊட்டியவள் வீரம்மாதான். அக்கா வாயை மூடிக்கொண்டபோது கன்னத்தை அழுத்தித் திறந்து ஊட்டினாள்.

சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் அவள் சாகலாம். தெரிந்தால் பிழைப்பாள். ஆனால் அக்காவுக்கு ஊட்டியது விஷம் என்றாகிவிடும்; அந்தக் கிண்ணத்தையும் கரண்டியையும் ஆயுசுக்கும் மறக்க முடியாது.

"தேதி என்னிக்குன்னாரு?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழம. இன்னும் பத்து நாளு."

அவள் சப்பாத்தியைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.