ஏசிக்குள் முட்டை, வெயிலில் கோழி

1. முதல் கண்டெய்னர்

எங்கள் பண்ணைக்கு முதல் ரீஃபர் கண்டெய்னர் வந்த அன்று நான் இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றேன். ரீஃபர் என்றால் குளிர்பெட்டி. நாற்பது அடி நீளம். முன்பக்கம் ஏசி மெஷின், அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு டீசல் ஜென்செட். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் ரோட்டில் இருக்கும் அந்த முட்டைக்கோழிப் பண்ணையில் நான் டிஸ்பாட்ச் சூப்பர்வைசர். அதுவரை கேரளாவுக்குத் தார்ப்பாய் கட்டி லோடு அனுப்பியவன். இனி என் முட்டை தூத்துக்குடியில் கப்பலேறி வளைகுடாவுக்குப் போகும். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தீவனத்துக்கு மக்காச்சோளம் வடக்கிலிருந்து ரயிலில் வரும். வைட்டமின் சீனாவிலிருந்து வரும். முட்டையை ஏற்றிப் போகும் கண்டெய்னர் தூத்துக்குடியிலிருந்து அத்தனை தூரமும் காலியாகவே வந்து நிற்கும். "நம்ம முட்டை உலகத்தையே சுத்துதுங்க" என்று டீக்கடையில் அளந்து தள்ளினேன். அதற்கு எவ்வளவு டீசல் எரிகிறது என்று கடையில் யாரும் கேட்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

2. இலவச ஏசி

கண்டெய்னர் வரும் நாள் எங்களுக்குத் திருவிழா. பின்கதவு பேக்கிங் ஹாலைப் பார்த்துத் திறந்திருக்கும். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். சித்திரை வெயிலில் அந்தக் கதவருகே போய் நின்றால் ஊட்டிதான். எல்லோரும் டிபன் பாக்ஸோடு அங்கேதான் உட்காருவோம். நான் நாற்காலியே போட்டுக்கொண்டேன். லோடிங் முடிய மத்தியானம் மூன்று மணி ஆகிவிடும். யாருக்கும் அவசரமில்லை.

அந்தக் கோடையில் மூன்றாம் ஷெட்டில் முட்டை குறைந்தது. ஓரத்து வரிசைக் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சில செத்தும் விழுந்தன. தீவனத்தை மாற்றினோம், மருந்து கொடுத்தோம், பலனில்லை. கடைசியில் முதலாளி வந்து பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"மாணிக்கம், இந்த பேட்ச் இனித் தேறாது. மாசக் கடைசியில கறிக்குத் தள்ளிரலாம். ஷெட்டு கொஞ்ச நாளு காலியா கெடக்கட்டும்."

அந்த ஷெட்டைப் பார்த்துக்கொண்டவர் சரசு. குஞ்சிலிருந்து வளர்த்தவர். ஷெட் காலியானால் அவருக்கு வேலையும் கிடையாது. அவர் அழவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

3. ஐந்து நிமிடம்

"ஏனுங்ணா, ஒருக்கா என்ற ஷெட்டுக்கு வாங்க. அஞ்சே நிமிசம்."

அன்று கண்டெய்னர் நின்றிருந்தது. குளிர்ந்த நாற்காலியை விட்டு எழவே மனமில்லை. போனேன். ஷெட்டின் ஓரத்தில், கம்பி வலைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.

"இங்கயே நில்லுங்க. நகரக் கூடாது."

ஒரு நிமிடத்தில் முகம் எரிந்தது. இரண்டாவது நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது. டீசல் புகையில் இருமல் வந்தது. நிமிர்ந்து பார்த்தால் பத்தடி தூரத்தில் கண்டெய்னரின் முன்பக்கம். பின்கதவில் எங்களுக்கு ஊட்டி காட்டிய மெஷின், உள்ளேயிருந்து உறிஞ்சிய சூட்டை எல்லாம் இங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தது.

"முட்டைக்கு ஏசி. முட்டை போட்டவளுக்கு அடுப்புங்களா?" என்றார் சரசு. "கண்டெய்னர் வந்தாத்தானுங்க இதுக எளைக்குது. நான் சொன்னா ஆரு கேக்கறா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. சமாளிக்க ஒரு யோசனை சொன்னேன். "வண்டியைத் திருப்பி அக்கட்டால நிறுத்தச் சொல்றேன் சரசு."

"அக்கட்டால நாலாம் ஷெட்டு இருக்குதுங்ணா. அதுல இருக்கறது கோழி இல்லீங்களா?"

நேராகக் கண்டெய்னர் டிரைவரிடம் போனேன். லோடிங் முடியும் வரை மெஷினை நிறுத்த முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"கதவு தெறந்திருந்தா ஆஃப் பண்ணோணும்னுதானுங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே. நீங்கதான் ஓட்டு ஓட்டுன்னீங்க!"

முதலாளியிடம் போய் என் தப்பை ஒப்புக்கொண்டேன். மூன்று வாரம் தவணை கேட்டேன். கொடுத்தார்.

அடுத்த லோடிலிருந்து, முந்தைய நாளே முட்டையைப் பண்ணையிலிருந்த குளிர் அறையில் வைத்துக் குளிரவைத்தோம். விடியும் நேரத்தில் லோடிங். மெஷின் ஆஃப். இலவச ஏசி போனதால் வேலை பறந்தது. எட்டு மணிக்குக் கதவைச் சாத்தி, மெயின் ரோட்டுக்குப் போன பிறகுதான் மெஷினைப் போட்டார்கள். நாள் முழுக்க எரிந்த டீசல் மிச்சம். மூன்றாவது வாரம் சரசு டிரே டிரேயாக முட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எண்ணிப் பாருங்க சாமி!" என்று முதலாளியையே அதட்டினார். அவர் எண்ணவில்லை, சிரித்துக்கொண்டே கறிக்காரருக்குப் போன் போட்டு வண்டி வேண்டாம் என்றார். அன்று பண்ணைக்கே முட்டைக் குழம்பு. நான் நான்கு முட்டை தின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

4. இப்போது

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஏற்றுமதி வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். சரக்கு தூரம் போகட்டும், நல்லதுதான். ஆனால் லாரியும் கப்பலும் கக்கும் புகை சரக்கோடு வளைகுடாவில் இறங்கிவிடுவதில்லை. கோடை வருடத்துக்கு வருடம் ஏறுவதை நாமக்கல்லில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் என் கண்டெய்னர்களுக்கும் பங்கு உண்டு. எனவே லோடு கிளம்பும் முன் கதவுப் பக்கம் நின்று டீ குடிக்காதீர்கள். முன்பக்கம் போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.