ஒயர் சொருகாத கிட்டார்

வாரநாட்களில் கார் சீட்டுக்கு உறை தைப்பாள். ஞாயிறு மதியங்களில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் கிட்டார் வாசிப்பாள். அதனால் பாட்டுக்குழுவில் அவள் பெயரே தையலக்கா. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பேச்சு குறைவு, கிண்டல் அதிகம்.

கிட்டார் அவளைவிட மூத்தது. கப்பலில் சமையல்காரராக இருந்த அப்பா ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்த எலக்ட்ரிக் கிட்டார். தேன் நிறம், உள்ளே வெற்றிடம், மேல்பலகையில் இரண்டு வளைந்த துளைகள். ஒயர் சொருகாமல் மீட்டினாலும் அடுத்த அறை வரைக்கும் கேட்கும். புதுச் செருப்புப் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துவைத்து அதன் பெட்டிக்குள் போடுவாள். வாசித்து முடித்தால் கம்பிகளைத் துடைத்த பிறகுதான் தனக்குத் தண்ணீர். ஒரு கீறல் கிடையாது. "பெரியவங்க தூங்கியாச்சா?" என்று கணவன் கேலி செய்வான். குழுவுக்கு மைக், ஸ்பீக்கர் எல்லாம் பார்த்துக்கொள்பவன் அவன்தான். வீட்டில் அவள் பழகும்போது பதிவும் செய்வான். "உன் தப்பு உனக்கே கேக்கும்ல, அதுக்குத்தான்" என்பான்.

ஒருநாள் பட்டறைப் படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. பார்க்க வந்த குழுவின் பாடகன் அவள் காலடியிலேயே உட்கார்ந்தான். கூடப்பிறந்த தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டவன்.

"அக்கா, ஒரு பையன் பிடிச்சிருக்கேன். சுமாராத்தான் வாசிப்பான். உங்க கிட்டாரை மட்டும் குடுங்க. அது இல்லாட்டி மேடையே மொட்டையா இருக்கு."

அவள் தயங்கினாள். "நான் பக்கத்துலயே இருக்கேன்ல, பத்திரமாப் பாத்துக்கறேன்" என்றான் கணவன். கொடுத்துவிட்டாள்.

வாரங்கள் போயின. வீட்டில் இருப்புக்கொள்ளாமல் ஒரு ஞாயிறு மதியம் சொல்லாமலே ஹோட்டலுக்குப் போனாள். வாசலிலேயே இசை கேட்டது. சுமாராகவா? அருமையாக இருந்தது. ரசித்துக்கொண்டே உள்ளே நடந்தவள், ஓரிடத்தில் விரல் வழுக்கிக் கம்பி கீச்சிட்டதும் நின்றுவிட்டாள். அது அவளுடைய விரல். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தபோது வழுக்கியது. "இதை அழிச்சிடுங்க" என்று அன்றே சொல்லியிருந்தாள். அழித்துவிட்டதாகக் கணவனும் சொன்னான்.

மேடையில் சினிமாக் களையோடு ஒரு வாலிபன் அவள் கிட்டாரை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். கிட்டாரில் ஒயரே இல்லை. அவன் சட்டையின் உலோகப் பொத்தான்கள் அதன் தேன் நிற முதுகில் உரசிக்கொண்டிருந்தன.

அவள் மேடையேறினாள். நல்ல கையால் வாரைப் பிடித்து அவன் தலைக்கு மேலாகக் கிட்டாரைக் கழற்றினாள். அவன் விட்டுவிட்டான். ஆனால் இசை நிற்கவில்லை. கிட்டார் அவள் இடுப்பில் சும்மா தொங்க, ஸ்பீக்கரில் அவள் வாசித்துக்கொண்டேயிருந்தாள். ஒரு மேசையில் யாரோ சிரித்தார்கள். கூடத்தின் மூலையில் மிக்ஸருக்குப் பின்னால் இருந்த கணவனைப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டு ஒரு பொத்தானைத் தேடினான்.

வெளியே பாடகன் பின்னாலேயே ஓடிவந்தான். "அக்கா, ஹோட்டல்காரங்க இளசா ஒரு முகம் வேணும்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா குடுத்திருப்பீங்களா?"

அவனோடு அதற்குமேல் பேசவில்லை. அவன் அயலான், துடைத்துப் போட்டுவிடலாம். கணவனை அப்படிப் போட முடியவில்லை. அவள் இடத்தில் பையனை நிறுத்திப் பதிவை ஓட்டுவதென்று, அவள் விழுவதற்கு முன்பே இருவரும் பேசி முடித்திருந்தார்கள் என்பது அன்று மாலை அவன் வாயிலிருந்தே வந்தது. மணிக்கட்டு முறிந்தது அவர்களுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை.

"நீ வாசிச்சதைத்தானே எல்லாரும் கேக்கறாங்க? அதுல உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?" என்றான்.

"நான் வாசிக்கும்போதெல்லாம் எதிர்ல உக்காந்து என்னை அளந்துக்கிட்டு இருந்திருக்கே, நீ" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை.

கட்டுப் பிரித்ததும் விரல்கள் மெல்ல வழிக்கு வந்தன. வேறொரு சிறு குழுவில் சேர்ந்துகொண்டாள். ஹோட்டலில் அந்தப் பதிவு இன்னும் ஓடுவதாகக் கேள்வி. வாலிபன் கையில் இப்போது வேறு கிட்டாராம். கணவனும் அவளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், சமைக்கிறாள், சாப்பிடுகிறார்கள். ஆனால் அவன் வெளியே போன பிறகுதான் பெட்டியைத் திறக்கிறாள். படியில் அவன் செருப்புச் சத்தம் கேட்டால் பாதி வரியில் நிறுத்திவிடுகிறாள்.

"ஏன் நிறுத்திட்டே? நல்லாத்தானே இருந்துச்சு" என்பான்.

அவள் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.