நல்லூர்க் கொடியும் என் ஊசிப் பெட்டியும்

வலக்கையால் சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாமல் போன காலையில்தான் நோய் திரும்பிவிட்டது என்று தெரிந்தது.

எனக்கு மல்ட்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, முள்ளந்தண்டு நரம்புகளின் மேலுறையை உடம்பே தாக்கும் நோய்). வந்து, தணிந்து, மறுபடி வரும் வகை. அதைத் தள்ளிப்போட ஒருநாள் விட்டு ஒருநாள் இன்டர்ஃபெரோன் (நோய் எதிர்ப்பின் வேகத்தைத் தணிக்கும் மருந்து) ஊசியை நானே தொடையில் போட்டு வந்தேன். இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன்.

“மருந்தை எங்கை வைச்சிருக்கிறனீங்கள்?” என்று டொக்டர் கேட்டார்.

“ஃபிரிட்ஜிலைதான்.”

கூட வந்திருந்த மச்சாள், என் கணவரின் அக்கா, இடையில் புகுந்தார். “ஓம் டொக்டர். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஃபிரிட்ஜைக் கழுவேக்கை, மீன் தட்டிலை கிடந்த பெட்டியளை மட்டும் வெளிக் குசினியிலை வைச்சனான். மீன் மச்சம் பட்ட பெட்டியை விரத நாளிலை உள்ளை வைக்கேலாது எல்லே? திருவிழா முடியத் திருப்பி வைச்சிட்டன்.”

இருபத்தைந்து நாள். ஆவணி வெயில், தகரக் கூரை போட்ட வெளிச் சமையலறை. அந்தப் பெட்டிகளைத்தான் பிறகு இரண்டு மாதம் நம்பிக் குத்தியிருக்கிறேன்.

“அதாலைதான் வந்தது எண்டு அடிச்சுச் சொல்லேலாது. ஒழுங்காப் போட்டாலும் இது சிலநேரம் வரும். ஆனா வெக்கை பட்ட மருந்தை இனித் தொடாதேங்கோ,” என்றார் டொக்டர். முதல் வசனத்தை மச்சாள் பிடித்துக்கொண்டார். நான் கடைசி வசனத்தைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று நாள் ஸ்டீரொயிட் (அழற்சியைத் தணிக்கும் மருந்து) ஏற்றி வீட்டுக்கு விட்டார்கள். சோறு குழைக்க விரல் வரவில்லை. கரண்டியால் சாப்பிட்டேன். மச்சாள் மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்திருந்தேன். “கீரிமலைத் தீர்த்தக் கேணியிலை ஒருக்கா முழுகும், எல்லாம் சரியாகும்,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“கை ஏலாது மச்சாள். இனி ஊசியை நீங்கள்தான் போடோணும்.”

“ஐயோ, ஊசியைக் கண்டாலே எனக்குத் தலை சுத்தும்!”

“சுத்தட்டும்.”

நேர்ஸ் பழக்கிவிட்டார். முதல்நாள் மச்சாளின் மேலுதடு வியர்த்தது. ஊசி கோணலாக இறங்கியது. வலித்தது, ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதே நோயுள்ளவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மருந்துப் பெட்டியை யார் தொட்டாலும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள். மன்னிப்பது எப்படி என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

என் கிழமையில் இப்போது வெள்ளி, செவ்வாய் இல்லை. ஊசி நாளும் ஊசியில்லாத நாளும்தான். தொடை அதை என்னைவிட முந்தி அறிகிறது. மச்சாளுக்கும் அப்படித்தான். ஊசி நாளில் அவருக்குக் காலைச் சாப்பாடு இறங்குவதில்லை.

போன மாதம், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டைப் பொத்தான்கள் ஐந்தையும் வலக்கையாலேயே பூட்டினேன். அழுதேன்.

மச்சாளின் முன்னால் இன்னும் கரண்டியால்தான் சாப்பிடுகிறேன்.