பக்கெட் வீல் என்று பெயர் வைத்தது யார்?

பல்லுக்குக் கிளிப் போட்டதிலிருந்து, எட்டாவது படிக்கும் என் மகள் டிபன் பாக்ஸைத் தொடாமலே திருப்பிக் கொண்டுவந்தாள். வீட்டுக்குள்ளேயும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. கேட்டால், "ஒரே தூசிம்மா" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. போனை நோண்டினேன், பையைக் குடைந்தேன். ஒன்றும் சிக்கவில்லை.

ஒருநாள் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது: "பக்கெட் வீல் போவுதுடி!" எங்கள் ஊர் நிலக்கரி மைன்ஸில் மண்ணை வெட்டுகிற, சுற்றிலும் பல் வைத்த ராட்சதச் சக்கரம் அது. என் கணவர் அந்த மெஷினில்தான் ஆபரேட்டர்.

பக்கத்து குவார்ட்டர்ஸ் பெண்ணும் அதே பஸ்தான். என்னைக் கண்டாலே தலையைக் குனிந்துகொண்டு போவாள். வேறென்ன சாட்சி வேண்டும்? நேரே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். "அந்தப் பேரை அங்கிள்தான் வச்சாரு ஆன்ட்டி. அவ கிளிப் போட்ட வாரம், பர்த்டேக்குக் கேக் வெட்டும்போது, 'பாருங்க, பக்கெட் வீல் வீட்டுக்கே வந்துடுச்சு'ன்னு சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அதைத்தான் ஸ்கூல்லயும் சொல்றாங்க."

அங்கிள் என்றால் என் கணவர். அன்று நான் கிச்சனில் பூரி போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் எழுந்த சிரிப்பைக் கேட்டு, பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். வீட்டில், "சும்மா தமாஷுக்குடி" என்று இழுத்த கணவரை மகளிடம் மன்னிப்புக் கேட்க வைத்தேன்.

இப்போதெல்லாம் ஹாலில் சிரிப்புச் சத்தம் எழுந்தால், அடுப்பை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்க்கிறேன். என் மகளின் கை வாயை மூடியிருக்கிறதா என்று.