அப்பாவும் கட்டிலடிப் பூசணிக்காய்களும்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைவடையும் இன்று, எங்கள் இல்லம் தேடி வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மூத்த மகளாகிய என் வணக்கம். அப்பாவின் பெருமைகளை எழுதித் தரும்படி தம்பி கேட்டான். பெருமைகளை மட்டும் எழுதினால் அது வேறு யாரையோ பற்றியது போல ஆகிவிடும். அப்பாவைத் தெரிந்த எல்லோருக்கும் அவருடைய பூசணிக்காயையும் தெரியும். ஆகவே அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பேரையூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில் பிறந்தவர் அப்பா. சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். மழை பொய்த்து நிலமும் கைவிட்டுப் போக, மதுரைக்கு வந்து ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவை மணந்த பிறகு சமயநல்லூரில் இடம் வாங்கி ஓட்டு வீடு ஒன்று கட்டினார். வீடு சிறியது, கொல்லை பெரியது. ஏன் இப்படிக் கட்டினீர்கள் என்று கேட்டவர்களிடம், "வீட்டுக்குள்ள என்னத்த வெளையப் போகுது?" என்றார்.

ஆடி பிறந்ததும் குழி எடுத்து, மக்கிய சாணம் போட்டு, சர்க்கரைப் பூசணி விதையை ஊன்றுவார். கொடி பூக்கத் தொடங்கிவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. வண்டு வரட்டும் என்று காத்திருக்க மாட்டார். விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, அதன் மகரந்தத்தைப் பெண் பூக்களில் தானே தடவிவிடுவார். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பூவுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறீக. வீட்டுல ஒருத்தி படிப்ப முடிச்சுட்டு உக்காந்துருக்காளே, அவளுக்கு எப்பப் பண்ணுவீக?"

"இது வெயில் ஏறுனா வாடிப்போகும். அவ வாட மாட்டா" என்பார் அப்பா, திரும்பிப் பார்க்காமலே.

ஒரு வருடம் ஆலை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. அந்த மாதங்களில் எங்களைக் காப்பாற்றியது அந்தக் கொல்லைதான். காலையில் பூசணிக்காய்ப் புளிக்குழம்பு. இரவில் அதே குழம்பு, கொஞ்சம் சுண்டியிருக்கும். பூவைப் பொரித்தோம், விதையை வறுத்துத் தின்றோம். அம்மா கோயிலுக்குப் போய் ஆலை திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். தம்பி கத்திரிக்காய் வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். ஆனால் எங்களில் ஒருவரும் ஒரு வேளைகூடப் பட்டினி கிடக்கவில்லை.

காம்பு காய்ந்து, நகம் இறங்காத அளவுக்குத் தோல் முற்றிய பிறகுதான் அப்பா காயை அறுப்பார். காம்பைக் கொஞ்சம் நீளமாக விட்டு அறுப்பார். அதைப் பிடித்துக் காயைத் தூக்கினால் எங்களுக்குத் திட்டு விழும். சில நாள் வெயிலில் காயவிட்டு, கட்டிலடியில் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று உரசாமல் அடுக்குவார். அடுத்த ஆடி வரை கெடாது. எங்கள் வீட்டில் மூன்று கட்டில்கள் இருந்தன. அவை ஆட்களுக்காக வாங்கப்பட்டவை அல்ல.

மேலூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் மூன்று கட்டிலடியும் நிறைந்தே இருந்தன. அது வைகாசி மாதம். அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்ததால் அம்மா கலங்கிப்போயிருந்தார். தரையைத் தொடும்படி போர்வைகளை விரித்துக் கட்டிலடியை மறைத்தார். பூசணிக்காய் என்ற சொல்லே வாயில் வரக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினார்.

மாப்பிள்ளையின் தாயார் கட்டிலில் அமர்ந்தார். இப்போது நான் அத்தை என்று அழைப்பது அவரைத்தான். காபி வருவதற்குள் அவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னமோ வாடை வருதே?"

"வெளிய சாக்கடைங்க" என்றார் அம்மா சட்டென்று.

அப்பா எழுந்தார். அம்மா கண்ணால் கெஞ்சினார். ஒன்று அழுகினால் பக்கத்துக் காய்களும் போய்விடுமே என்ற கவலையில் அப்பா சத்தியத்தையே மறந்துவிட்டார்.

"அம்மா, கால மட்டும் கொஞ்சம் மேல தூக்கிக்கோங்க" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, கஞ்சி போட்ட வேட்டியோடு மண்டியிட்டுக் கட்டிலடியில் புகுந்தார். அத்தை கட்டிலில் சம்மணமிட்டு அமர்ந்திருக்க, காய்கள் ஒவ்வொன்றாக வெளியே உருண்டு வந்தன. மாப்பிள்ளையும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தரையில் இறங்கி அவற்றை வாங்கி அடுக்கத் தொடங்கினார். கடைசியில் அழுகிய காய் அகப்பட்டது. அது அப்பாவின் கையிலேயே உடைந்தது.

"காம்பு ஒடிஞ்ச காய மொதல்லயே வெட்டிப்புடச் சொன்னேன்ல!" என்று கட்டிலடியிலிருந்து கத்தினார் அப்பா.

"வெட்டுனா திங்கிறதுக்கு ஆள் வேணும்ல!" என்று அம்மாவும், வந்தவர்களை மறந்து, கத்தினார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊருக்குப் போயிச் சொல்லி அனுப்புறோம்" என்றார். அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அப்பா, கையைக் கழுவிக்கொண்டு வந்து, நல்ல காயாகத் தட்டிப் பார்த்து ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தனுப்பினார். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். அன்றைக்கே அப்பா எல்லாக் காய்களையும் தூக்கிக் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தார். கட்டிலடி காலியாகக் கிடந்ததைப் பார்க்க எனக்கும் பாவமாக இருந்தது.

மேலூரிலிருந்து பல நாள் சேதியே வரவில்லை. பிறகு ஒரு நாள் அத்தையே பஸ் பிடித்து வந்து இறங்கினார். அம்மா சாக்கடைக்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். அத்தை கையமர்த்தினார்.

"நாத்தம் வந்தா தானா குனிஞ்சு பாக்குற ஆம்பளைய அன்னிக்குத்தான் பாத்தேன் மதினி. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் குனியணும். எம்மகன் குனிஞ்சதும் அன்னிக்குத்தான். இந்த வீட்டுல பொண்ணெடுத்தா அவன் உருப்படுவான். எங்க வீட்டுக்காரரச் சரிக்கட்டத்தான் இம்புட்டு நாளாச்சு."

ஆவணியில் திருமணம் நடந்தது. சமையல்காரரிடம் அப்பா தனியாகப் பேசியது பந்தியில் தெரிந்தது.

கடைசி நாட்களில் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் இருந்தபோதும் அப்பா நர்சம்மாவுக்குக் குழி எடுக்கும் பக்குவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பரிவோடு பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் அந்த நர்சம்மாவுக்கும், அவசரத்துக்குத் தம் காரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்த பக்கத்து வீட்டு பாய்க்கும், மேலூரிலிருந்து வந்து கூடவே தங்கிய அத்தைக்கும், தோள் கொடுத்த ஆலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இன்றைய மதியச் சாப்பாட்டில் பூசணிக்காய் வேண்டாம், அம்மா இத்தனை வருடம் தின்றது போதும் என்று பிள்ளைகள் நாங்கள் முடிவு செய்திருந்தோம். அம்மா சம்மதிக்கவில்லை.

"அவுகதான் இல்ல. அதுவும் இல்லாம எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?" என்று கேட்டார்.

ஆகவே இலையில் கூட்டும் வரும், குழம்பும் வரும். பிடிக்காதவர்கள் தயவுசெய்து என்னிடம் சொல்லுங்கள், அம்மாவிடம் வேண்டாம்.