கழற்றாத தாயத்து

தப்பு முழுவதும் என்னுடையதுதான் என்று சில நாள் தோன்றும். சில நாள் அந்த எக்ஸ்ரே படம் எடுப்பவர் மீது கோபம் வரும்.

அப்போது நாங்கள் இலங்கை மலைநாட்டில், றொசல்லைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்தோம். கணவருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க் வேலை. ஒரு நாள் காலையில் தையல் மெஷினுக்கு எண்ணெய் போடலாமென்று ஐந்து திருகாணிகளைக் கழற்றிப் பேப்பரில் வைத்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கியது. இறக்கிவிட்டு வந்து பார்த்தால் நான்குதான் இருந்தன. பக்கத்தில் என் இரண்டு வயது மகன் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தான்.

வீடு முழுவதும் கூட்டிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் பிள்ளையின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் முதல் ரயிலில் நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவர் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"உடுப்பு, வளையல், எல்லாம் கழட்டு. ஒண்ணும் வேணாம். வெளங்கினதா?"

"சரிங்க."

தோட்டத்தில் பெரியவர்கள் எது சொன்னாலும் நாங்கள் சொல்வது அதுதான். விளங்கினாலும் சரிங்க, விளங்காவிட்டாலும் சரிங்க. நான் அட்டன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவள். ஏன் கழற்ற வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

பிள்ளையின் சட்டை, காப்பு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றினேன். அரைஞாணில் ஒரு செப்புத் தாயத்து இருந்தது. எனக்கு முதலில் பிறந்த பிள்ளை காய்ச்சலில் போன பிறகு, இவனுக்குக் கோயில் பூசாரி மந்திரித்துக் கட்டியது. மூன்று வயது முடியும்வரை அவிழ்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். சுத்தத்துக்காகத்தான் எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். தாயத்தைக் கண்டால் சிரிப்பார்களே என்றும் பயம். அரைஞாணை மேலே தள்ளி, இடுப்பில் ஒரு துணியைச் சுற்றிவிட்டேன்.

"எல்லாம் கழட்டினதா?"

"ஆமாங்க."

பிள்ளையைப் பலகையில் படுக்கவைத்து என்னை வெளியே போகச் சொன்னார்கள். அவன் கதறியது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது. ஆடாமல் பிடிக்க நான் உள்ளே நிற்கலாமா என்று கேட்டேன். கதவு திறக்கவில்லை.

படம் கழுவி வந்ததும் டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நர்ஸிடம் இங்கிலீஷில் பேசினார். வயிற்றில் இரும்பு இருக்கிறது, நாளைக் காலை ஆபரேஷன், தாயிடம் கைநாட்டு வாங்கி வை என்றார். நான் ஒரு முழத் தூரத்தில்தான் நின்றேன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நர்ஸ் மைப்பெட்டியைத் திறந்து என் பெருவிரலைப் பிடித்தாள்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமுங்க," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் தந்தாள். பேனாவை வாங்கும்போதுதான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்த்தேன். எலும்புகளுக்கு நடுவே வெள்ளையாகச் சின்னக் குழல் மாதிரி ஒன்று. அதன் ஒரு முனையில் வளையம். திருகாணிக்கு ஏது வளையம்?

பேனாவைக் கீழே வைத்தேன். சொன்னால் பொய் சொன்னவளாவேன். சொல்லாவிட்டால் இல்லாத ஆணிக்காகப் பிள்ளையின் வயிற்றைக் கிழிப்பார்கள். துணியை அவிழ்த்துத் தாயத்தை டாக்டரிடம் காட்டினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்தான் சொன்னேன். டாக்டர் தாயத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். படம் எடுப்பவரைக் கூப்பிட்டார்.

வந்தவர் என்மேல் பாய்ந்தார். "நான் சொன்னது தானே, எல்லாம் கழட்டு சொல்லி?"

"சொன்னீங்க. ஏன்னு சொல்லலீங்களே. படத்துல விழும்னு தெரிஞ்சிருந்தா நானே அவுத்திருப்பேன்."

"உங்களுக்கு எல்லாம் சொல்ல போனால் எனக்கு வேலை செய்ய ஏலாது."

சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஒரு மூச்சு. அதை மிச்சம் பிடித்தவர் பகல் முழுவதும் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். பிள்ளை மறுபடி அந்தப் பலகையில் கிடந்து மறுபடி கதறினான். இந்த முறை அரைஞாணை நானே அவிழ்த்து முந்தானையில் முடிந்திருந்தேன். அவிழ்த்ததற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

இரண்டாவது படத்தில் ஒன்றும் இல்லை. "கூட்டிட்டுப் போகலாம்," என்றாள் நர்ஸ். அவ்வளவுதான்.

வெளியே வந்தபோது படம் எடுக்கும் வரிசையில் கைப்பிள்ளையோடு ஒரு தோட்டத்துப் பெண் நின்றாள். பிள்ளையின் கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு தாயத்து.

"அக்கா, அத அவுத்து வச்சிருங்க. இல்லேன்னா படத்துல ஒடம்புக்குள்ள இருக்கிற மாதிரி விழும்."

"அய்யோ, பூசாரி அவுக்கக் கூடாதுன்னாரே."

"எனக்கும்தான் சொன்னாரு. படம் புடிச்சதும் கட்டிக்கங்க."

உள்ளேயிருந்து படம் எடுப்பவர் எட்டிப் பார்த்தார். "ஏய், அங்க என்ன கதை? போ, போ."

"சரிங்க," என்றேன். அவள் முடிச்சை அவிழ்க்கும்வரை அங்கிருந்து நகரவில்லை.