பச்சை ஜாடிக்குப் பூவரசு மூடி

எல்லோரும் விருத்தாசலத்துக்குக் கோயில் பார்க்கப் போவார்கள். நான் மாசிக் கடைசியில் ஒரு பை நிறைய மர மூடிகளோடு போனேன். புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சின்னக் கடைசல் மெஷின் இருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை நடத்தும் செல்வி, ஊறுகாய் ஜாடிகளுக்கு மர மூடி கடைந்து தரச் சொல்லியிருந்தார். ஒரு கடைக்காரருக்கு மாதிரி பிடித்துப்போனால் மாதாமாதம் ஆர்டர். பிடிக்காவிட்டால் வாடகைப் பட்டறையைக் காலி செய்ய வேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார்.

எந்த மரம் என்று ஒரு வாரம் யோசித்தேன். வேம்பின் வாசம் ஊறுகாயில் இறங்கும். வாகையைக் கடைந்தால் தூள் மூக்கில் ஏறி நாள் முழுக்கத் தும்மல். தேக்கு என்றால் ஜாடியைவிட மூடி விலை கூடிவிடும். பூவரசு நெருக்கமான மரம், வாசம் ஒட்டாது, உளிக்கும் முரண்டு பிடிக்காது. கூரைக்கடியில் ஒன்றரை வருஷம் காய்ந்த கட்டையாக எடுத்தேன். பச்சை மரம் மட்டும் ஆகாது, காயக் காயச் சுருங்கி மூடி கோணிக்கொள்ளும் என்று செல்விக்கு போனில் ஒரு பாடமே நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பச்சை ஜாடியில் வாய் அளவு எடுத்து அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பச்சை நிறம் பூவரசுக்கு எடுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஆறு மணி பஸ். பண்ருட்டி, நெய்வேலி வழியாக எண்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல், இரண்டரை மணி நேரம். இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் தோளிலேயே அடிக்கும்.

பட்டறையில் அடுக்கியிருந்த ஜாடிகள் எல்லாம் காப்பித்தூள் நிறம். பச்சை எங்கே என்று கேட்டேன்.

"அதாங்க இது. சூளையில வெந்துடுச்சு, இன்னும் எப்படிப் பச்சையா இருக்கும்?"

சுடாத மண்ணுக்கு அங்கே பச்சை என்று பெயர். சுட்டால் அதுவும் சுருங்கும். ஒரு மூடிகூட ஜாடிக்குள் இறங்கவில்லை. செல்வியின் முகம் செத்துப்போனது. கடைக்காரர் மறுநாள் காலை வருகிறார்.

நல்லவேளை, மூடிகள் பெரிதாக இருந்தன. சிறிதாக இருந்திருந்தால் அடுப்புக்குத்தான். கட்டில் கால் கடைகிற ஒரு பட்டறைக்கு ஆட்டோவில் போனோம். அங்கிருந்தவர் ஒரு மெஷினை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு ஜாடியும் ஒவ்வொரு மாதிரி சுருங்கியிருந்ததால், செல்வி ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட, நான் பொருத்திப் பார்த்துப் பார்த்துக் கடைந்தேன். காய்ந்த மரமாக இருந்ததால் இரண்டாம் கடைசலிலும் ஒரு மூடிகூட வெடிக்கவில்லை. சாயங்காலம் கடைசி மூடியும் இறங்கிய பிறகுதான் டீ குடித்தோம்.

நீங்களும் இந்த வேலையாகப் போவதானால், பூவரசுக் கட்டையைக் கையில் தூக்கிப் பாருங்கள். தொட்டால் சில்லென்று கனமாக இருந்தால் ஈரம் போகவில்லை. மூடியைக் கொஞ்சம் பெரிதாகவே கடைந்து கொண்டுபோய், சுட்ட ஜாடியில் வைத்துப் பார்த்து முடியுங்கள்.

மறுநாள் மதியம் செல்வி போன் செய்தார். கடைக்காரர் எல்லா மூடியையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுத்துவிட்டாராம். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆனா ஜாடி பச்சைக் கலர்ல வேணுமாங்க," என்றவர் கொஞ்சம் நிறுத்தினார். "அளவ வெந்தப்புறம் அனுப்புறேன்."